இறுக்குப் பனியன்

பகவதி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவு மறுபடியும் திறந்தது. “நான் வர்றதுக்குள்ள அந்தப் பனியனைக் கழட்டிராதீங்க. ஒரு மணிக்கு வந்திருவேன். தனியாக் கழட்டுனா தலை சுத்தும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கார்” என்றாள். செண்பகராமன் சரி என்றான். அவன் சரி என்ற விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனையில் சத்தம் தேய்ந்தது. மணி ஒன்பதேகால். அம்மா கல்லிடைக்குறிச்சியில் பத்து மணி பஸ் ஏறினால் பாளையங்கோட்டைக்கு வந்து ஆட்டோ பிடித்து வாசலில் இறங்கப் பதினொன்றரை ஆகிவிடும். அதற்குள் குளித்துவிட வேண்டும். குளித்து, இந்தச் சனியனை மறுபடியும் மாட்டி, மேலே முழுக்கைச் சட்டை போட்டு, ஒன்றும் நடக்காதவன்போல நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அம்மாவிடம் கட்டி என்று சொல்லியிருந்தான். நெஞ்சுல சின்னக் கட்டிம்மா, எடுத்துட்டாங்க, பயப்பட ஒண்ணுமில்ல. போனில் அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கட்டி என்ற சொல் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அம்மாவின் அக்கா கட்டியில்தான் போனாள். குடலிறக்கம் என்று சொல்லியிருக்கலாம், கல் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவன் கல் என்று சொன்னால் யார் நம்புவார்கள். கட்டி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். கேட்கப் பயப்படுவார்கள். அந்தப் பயத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். பெற்றவளைப் பயமுறுத்திவிட்டு அதற்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது பனியனுக்குள் வேர்த்தது. வேர்வை ஓடுவது தெரியவில்லை. தோலுக்கும் துணிக்கும் நடுவே எங்கோ ஒரு ஈரம், அடுத்த வீட்டில் குழாய் திறந்திருப்பதுபோல.

இறுக்குப் பனியன் என்று அவனும் பகவதியும் வைத்துக்கொண்ட பேர். ஆஸ்பத்திரியில் வேறென்னவோ சொன்னார்கள். உள்ளே இரண்டு வரிசைக் கொக்கி, மேலே ஜிப், விலா எலும்பு முறிந்துவிடும்போல ஒரு பிடி. ஆறு வாரம் போட்டிருக்க வேண்டும், முதல் இரண்டு வாரம் ராத்திரி பகல் பார்க்காமல். டாக்டர் சின்ன வயசுக்காரர், மதுரைக்காரர், எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் உடனே தட்டையா இருக்கும்னு எதிர்பார்க்காதீங்க, வீங்கும், முன்னைவிடப் பெரிசாக்கூடத் தெரியும், பயந்திராதீங்க. ரத்தம் கட்டும், ஊதா நிறமா இருக்கும், அப்புறம் பச்சை, அப்புறம் மஞ்சள், கீழே இறங்கி இடுப்பு வரைக்கும் வரும். கல்லு மாதிரி அங்கங்கே கட்டிக்கும், மாசக்கணக்குல கரையும். கையை மேலே தூக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, மல்லாந்துதான் படுக்கணும். முழுசாத் தெரிய ஆறு மாசம். கடைசியாகப் பேனாவை மூடிக்கொண்டே, மனசு கொஞ்ச நாளைக்குச் சோர்வா இருக்கும் சார், காரணமில்லாம அழுகை வரும், அது மருந்தால, உடம்பு அசதியால, ஒரு வாரத்துல போயிரும் என்றார். காரணமில்லாமல். அந்தச் சொல்லைக் கேட்டபோது ஏனோ அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது. ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் இடுப்புக்கு மேல் துணியில்லாமல் விளக்குக்குக் கீழே நிற்கவைத்து, கறுப்பு மைப் பேனாவால் நெஞ்சில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டார். வெளிவட்டம், உள்வட்டம், நடுவில் பெருக்கல் குறி. தாலுகா ஆபீஸ் சர்வேயர் அவன். எத்தனையோ பேர் வயலில் கல் நட்டு எல்லை பிரித்தவன். இந்த நிலத்தை யாரும் அளந்ததில்லை. யாரையும் உள்ளே விட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பேனாமுனை குளிர்ந்து ஊர்ந்தது. அதற்கப்புறம் மூக்கில் மூடி, ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார்கள், ஐந்து வரவில்லை. கண் விழித்தபோது தாகம். நர்ஸ் ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள், ஊறுகாய் பாட்டில் அளவு, செந்நிறத்தில் தண்ணீரும் மேலே மஞ்சளாக மிதக்கும் கொழுப்பும். இவ்வளவுதான் சார். இவ்வளவுதானா? இருபத்தைந்து வருஷமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது இவ்வளவுதானா. இதைத்தான் ஒருத்தர் பார்க்காமல் மறைத்து மறைத்து. அதைக் கொட்டிவிடுவீர்களா என்று கேட்டான். ஆமா சார் என்று சிரித்தாள். வேறென்ன செய்வார்கள். அழுகை வந்தது, காரணமில்லாமல்தான்.

எழுந்து உட்கார்ந்தான். கையை ஊன்றாமல் எழுவதை இந்த ஆறு நாளில் கற்றிருந்தான், முதலில் ஒருக்களிக்காமல் காலைத் தொங்கப்போட்டு, பிறகு வயிற்றால் எழுந்து. மணி ஒன்பதே முக்கால். இன்னும் நேரம் இருக்கிறது. வெயில் ஜன்னல் கம்பியில் ஏறியிருந்தது, வைகாசி வெயில். இந்த வெயிலில் வயக்காட்டில் அளவுச் சங்கிலி பிடித்து நிற்கும்போது உள்ளே இரண்டு பனியன் போட்டிருப்பான், ஒன்று ஒரு அளவு சின்னது, அதன்மேல் இன்னொன்று, அதற்குமேல் ஒரு அளவு பெரிய கட்டம்போட்ட சட்டை, பையில் டைரியும் இரண்டு பேனாவும். டைரி நேராக நிற்கவேண்டும். நெஞ்சின் வளைவை அது மறைக்கும். காற்று எதிரே அடித்தால் திரும்பி நின்றுகொள்வான். நில அளவை முடிந்ததும் வயல்காரர்கள் பம்புசெட்டைப் போட்டுவிட்டு, சார் ஒரு குளி குளிங்க, உடம்பு சூடு இறங்கும் என்பார்கள். தண்ணீர் தொட்டியில் வெள்ளை வெள்ளையாக விழும். ஜலதோஷம் என்பான். கூட வந்த உதவியாளர் சட்டையைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டுத் தொபீரென்று குதிப்பார். அவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படத்தைச் சரிபார்ப்பான். பதினான்கு வருஷ சர்வீஸில் ஒரு பம்புசெட்டில்கூட நனைந்ததில்லை. திருச்செந்தூருக்குப் போனால் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் ஆம்பிளைகள் உள்ளே போகவேண்டும். நீங்க போயிட்டு வாங்க, நான் செருப்பைப் பாத்துக்கிடுதேன் என்று கடலைப் பார்த்துக்கொண்டு வெளியே இருந்துவிடுவான். பகவதிகூடக் கல்யாணமான முதல் வருஷம் அவன் பனியனோடு தூங்குவதை ஏதோ பழக்கம் என்றுதான் நினைத்திருந்தாள். தெரிந்தபிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, எனக்கு இதுல ஒண்ணுமில்ல, உங்களுக்கு வேணும்னா என்ன செய்யணுமோ செய்யுங்க என்று மட்டும் சொன்னாள். அவள் நல்லவள். நல்லவர்கள் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கா ஒருவன் இப்படி. பள்ளிக்கூடத்தில் பேர் சுருங்கிப்போயிற்று, செண்பகராமன் செண்பகமானான். ஏய் செண்பகம், ஏட்டி செண்பகம். பெண்பிள்ளைகளும் சிரித்தார்கள். வீட்டில் இது தெரியாது. அல்லது அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான் அன்றைக்கு ஆற்றில் அப்படிச் செய்தாரோ. அங்கே போகாதே. அங்கே போகவேண்டாம். எழுந்து குளிக்கிற வேலையைப் பார்.

எழவில்லை. படித்துறை வந்துவிட்டது. பதினாலு வயசு, தாமிரபரணியில் தண்ணீர் இடுப்பளவு, பங்குனி உத்திர விடுமுறை, ஊரே துவைத்துக்கொண்டும் குளித்துக்கொண்டும் இருக்கிறது. அப்பா மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். கம்பத்தில் ஏறி இறங்கிய உடம்பு, ஆற்றைக் குறுக்கே நீந்திப் போய்வருவார். இவன் சட்டையோடு தண்ணீரில் இறங்கினான். என்னல இது, ஆம்பளப் பயலுக்கு என்ன வெக்கம், கழட்டு என்றார். இவன் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டான். அவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார், அதுதான் மறக்கமுடியவில்லை, கோபமாக வந்திருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே வந்து ஈரச் சட்டையைத் தலைவழியே உருவி எடுத்துக் கரையில் எறிந்தார். யாரோ ஒருத்தன் விசில் அடித்தான். யாரோ, ஏ செண்பகம் என்றான். படித்துறை முழுக்கச் சிரிப்பு. அப்பாவின் முகத்தில் சிரிப்பு நின்றதை இவன் பார்த்தான். அவர் பார்த்துவிட்டார், முதல் தடவையாக, மகனின் உடம்பை. அதற்கப்புறம் அவர் அவனை ஆற்றுக்குக் கூப்பிடவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, எந்தத் தகப்பன் கேட்டான். இவனும் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்; வாங்க, சாப்பிடுங்க, போயிட்டு வாரேன், இருபது வருஷத்துக்கு இந்த மூன்று சொல் போதுமானதாக இருந்தது. கோபம் இருந்ததா? இருந்தது. ஆனால் கோபத்துக்கும் ஆயுசு உண்டு, நரைத்துப்போன அப்பா கண்ணாடியைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள் தடவித் தடவி நடப்பதைப் பார்த்த ஏதோ ஒரு தீபாவளியில் அது போய்விட்டது. போய்விட்டதை அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது. இருக்கிறது என்றே சொல்லாத ஒன்றை இல்லை என்று எப்படிச் சொல்வது. அவர் அதைத் தெரிந்துகொள்ளாமலே போய்விட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசியில், காபி டம்ளரைக் கீழே வைக்கும்போது.

மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும். அதைப் பற்றி யாரும் பேசக்கூட இல்லை, பேச என்ன இருக்கிறது. முதலில் நீர்மாலை: ஆற்றுக்குப் போய் முங்கி, ஈர வேட்டியோடு, வெற்று மேலோடு, குடத்தில் தண்ணீர் எடுத்துத் தெரு வழியாக வரவேண்டும். அந்தத் தண்ணீரில்தான் அப்பாவைக் கடைசியாகக் குளிப்பாட்டுவார்கள். தெரு முழுக்க ஆள். பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்கள் வந்திருந்தார்கள், மின்வாரியத்து ஆட்கள், பெண்கள் ஒரு கூட்டம். காரியம் பண்ணிவைக்க வந்த பெரியவர், மூத்தவரு சட்டையக் கழத்திட்டு வாங்க என்றார், வெகு சாதாரணமாக, கையைக் கழுவிட்டு வாங்க என்பதுபோல. இவன் கை பொத்தானுக்குப் போனது. ஒன்று, இரண்டு. மூன்றாவது பொத்தானில் விரல் நின்றது. உள்ளே இரண்டு பனியன். அதை உருவும்போது எப்படியிருக்கும் என்று தெரியும். தகப்பன் செத்துக் கிடக்கும்போது இதையா நினைக்கிறேன் என்று நினைத்தான், நினைத்துக்கொண்டே இதைத்தான் நினைத்தான், வேறெதையும் நினைக்க முடியவில்லை, அப்பாவின் முகம்கூட வரவில்லை, தன் நெஞ்சு மட்டும் தெருமேல் மிதந்து போவது தெரிந்தது. என்னால முடியாது, தம்பி நாதன் செய்யட்டும் என்றான். என்ன என்றார்கள். முடியாது என்றான். அப்போது சித்தப்பா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ஏல, செத்த மனுசன்ட்டயால ஒன் வைராக்கியம் என்று கத்தினார். வைராக்கியம். அந்தச் சொல் தண்ணீரில் முங்குகிறவன் கையில் தட்டுப்பட்ட கட்டைபோல வந்தது. தலையைக் குனிந்துகொண்டு அதைப் பிடித்துக்கொண்டான். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தகப்பன்மேல் வைராக்கியம் வைத்திருக்கிற மகனை ஊர் ஏசும், ஆனால் பார்த்துச் சிரிக்காது. அம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடு திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். தம்பி காந்திமதிநாதன் சட்டையைக் கழற்றினான். இருபத்தொன்பது வயசு, மெலிந்த நெஞ்சு, எலும்பு தெரிந்தது. அவன் அழுதுகொண்டே கழற்றினான். அன்றோடு அவன் இவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டான்.

பத்தேமுக்கால் ஆகிவிட்டது. எங்கே போயிற்று ஒரு மணி நேரம். குளியலறைக்குப் போனான். பகவதி பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, வாளியில் தண்ணீர் பிடித்து, பக்கத்தில் மெல்லிசான துண்டை மடித்து வைத்திருந்தாள். ஒரு மணிக்கு வந்து தானே செய்ய. ஸ்டூலில் உட்கார்ந்து ஜிப்பைக் கீழே இழுத்தான். வந்தது. கொக்கிகள் வரவில்லை. இரண்டு ஓரத்தையும் நெருக்கிப் பிடித்தால்தான் கொக்கி நழுவும், நெருக்கினால் தோள்பட்டை வரை கத்தியால் கீறுவதுபோல வலி. ஒவ்வொன்றாக. மேலிருந்து நாலு, ஐந்து. மூச்சு வாங்கியது. அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய அம்மா இரண்டு வருஷமும் கேட்டாள், ஆடி அமாவாசைக்கு ஆத்துக்கு வாய்யா, ஒரு கை எள்ளுந் தண்ணியும் எறைச்சிட்டுப் போ, ஒன் கோவத்த அந்தத் தண்ணியோட விட்டுரு. இரண்டு வருஷமும் ஆபீஸில் லீவு இல்லை என்றான். இந்த வருஷம் போகலாம் என்றுதான் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போனான். பகவதிக்குக்கூட இது தெரியாது. உடம்பு பாரமா இருக்கு, வெயில் தாங்கல என்று அவளிடம் ஏதோ சொன்னான். ஆடி அமாவாசைக்கு இன்னும் இரண்டு மாசத்துக்கு மேல் இருக்கிறது. சட்டையில்லாமல் ஆற்றில் நிற்பேன். நின்று? ஆற்றில் நிற்கலாம், வருஷா வருஷம் நிற்கலாம், கொள்ளி ஒரு தடவைதான். எட்டாவது கொக்கி. இந்தக் கையால் வைக்கவேண்டிய நெருப்பு. ஒன்பது. கடைசிக் கொக்கி கழன்றதும் பனியன் தானாகவே விரிந்தது, நெஞ்சு முழுக்கக் குபுக்கென்று ஏதோ இறங்கியது, காதில் ஒரு இரைச்சல், சுவர் ஓடு மங்கிச் சாய்ந்தது. டாக்டர் சொன்னது இதுதான். சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். குனிந்ததில் நெஞ்சைப் பார்த்தான். ஊதாவும் கறுப்பும் பச்சையும், மார்க்காம்பைச் சுற்றிப் பிளாஸ்திரி, விலாவுக்குக் கீழே மஞ்சள் இறங்கியிருந்தது. வீங்கியிருந்தது. தட்டையாக இல்லை. சொன்னார்கள்தான், ஆறு மாசம் ஆகும் என்றார்கள்தான். ஆனாலும் ஒரு நொடி, ஒன்றும் எடுக்கவில்லையோ, எடுத்ததும் திரும்ப வந்துவிட்டதோ என்று தோன்றியது. எழமுடியவில்லை. வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. நேரமாகவில்லையே. முந்தின பஸ்ஸில் ஏறிவிட்டாள். ராத்திரி தூங்கியிருக்கமாட்டாள், அதுதான் முந்தின பஸ். முன்கதவு தாழ்ப்பாள் போடாதது ஞாபகம் வந்தது. எய்யா, பகவதி, என்று கூப்பிட்டுக்கொண்டே அம்மா உள்ளே வந்தாள். குளியலறைக் கதவைச் சாத்த எட்டினான். கை தோளுக்கு மேல் போகவில்லை.

அம்மா பையைக் கீழே போட்டாள். “எய்யா! யாருய்யா ஒன்ன அடிச்சா?”

“அடிக்கலம்மா. ஆபரேஷன்ல அப்படித்தான் ரத்தம் கட்டும்.”

அவள் வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மயக்கம் கொஞ்சம் தெளியும்வரை அப்படியே நின்றாள். புடவையில் பஸ் புகையும் திருநீறும் மணத்தது. பிறகு மெதுவாக, அவனைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டாள்: “எங்கக்காவுக்கு வந்ததுதானா? மறைக்காமச் சொல்லு. நான் தாங்கிக்கிடுவேன்.”

இல்லையென்று சொல்வது எவ்வளவு எளிது. ஆனால் இல்லை என்றால் வேறென்ன என்று கேட்பாளே. இரண்டு மூன்று பொய்கள் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றாகப் பார்த்தான், எதற்கும் உடம்பில் தெம்பில்லை. “இல்லம்மா. வெறும் கொழுப்பு” என்றான். “கொழுப்பா?” என்றாள். “பொம்பளைக்கு மாதிரி இருந்துச்சுல்லா. சின்னதுல இருந்து. அதைக் குழாய் வச்சு உறிஞ்சி எடுத்துட்டாங்க.” அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் தலையில் கையை வைத்துக்கொண்டு குளியலறை நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். “இதுக்கா? ஆறு நாளா எனக்குக் கண்ணு அடையல. இதுக்கா கட்டின்னு சொன்ன? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, அது ஒன்ன என்ன செஞ்சுது?” அவள் குரலில் கோபமும் நிம்மதியும் மாறி மாறி வந்தன, இரண்டும் அவனைச் சுட்டன. அது ஒன்ன என்ன செஞ்சுது. அந்தக் கேள்வி அவனுக்குள்ளே போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு நடந்தது, பம்புசெட், கடற்கரை, படித்துறை, கடைசியில் அந்தத் தெரு. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தது. “அன்னைக்கு அதனாலதாம்மா” என்றான்.

“என்னைக்கு?”

“அப்பாவுக்கு. நீர்மாலைக்குச் சட்டையக் கழட்டச் சொன்னாங்கல்லா. என்னால கழட்ட முடியலம்மா. எல்லாரும் பாப்பாங்களேன்னு இருந்துச்சு. கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. அப்பா மேல எனக்குக் கோவமில்ல.”

அம்மா வாளித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் அந்த நாள் முழுவதும் பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை அவன் பார்த்தான், அல்லது பார்ப்பதாக நினைத்துக்கொண்டான். பிறகு சொன்னாள், அவனுக்கு அல்ல, யாருக்கோ சொல்வதுபோல: “ரெண்டு வருசமா தெனமும் அந்தியில வெளக்கு ஏத்துதப்போ அவுகட்ட சொல்லுவேன். பிள்ளைக்கு ஒங்க மேல கோவம், அறியாம வச்சிருக்கான், நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்க, அவன ஒண்ணும் செஞ்சிராதீங்கன்னு. ஒரு நா விடாம. பொய்யையில்லா சொல்லியிருக்கேன் அவுகட்ட.” முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். அவன் தன் வெட்கத்தை ஒளித்துவைத்த இடத்தில் அவள் இரண்டு வருஷமாக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இது அவனுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பொய் தன்னோடு மட்டும் இருக்கிறது, தனக்கு மட்டும்தான் பாரம் என்று நினைத்திருந்தான். ஒரு தடவை எம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, இடுப்பிலிருந்து தொடங்கி முதுகுக்குப் போய்த் தோளுக்கு வந்து, பிறகு நெஞ்சைப் பிளாஸ்திரி நனையாமல் ஒற்றி ஒற்றி எடுத்தாள். “வலிக்கா?” என்றாள். இல்லை என்றான். வலிக்கவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. அவள் கை அவன் நெஞ்சின்மேல் போய்வருவதைக் கண்ணால் பார்த்தான், அவ்வளவுதான். அங்கே தோல் மரத்துப்போயிருந்தது. டாக்டரை விட்டால், பதினாலு வயசுக்குப் பிறகு முதல் தடவையாக ஒருத்தர் அந்த இடத்தில் வெளிச்சத்தில் கை வைக்கிறார், அது தனக்குத் தெரியவில்லை. அவளுக்குத்தான் தெரிகிறது. அவள் துடைக்கட்டும் என்று கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பனியனைப் போட்டுவிட்டாள். ஒவ்வொரு கொக்கிக்கும், இறுக்கமா இருக்கா, இறுக்கமா இருக்கா என்று கேட்டுக்கொண்டே மாட்டினாள். இறுக்கமாத்தான் இருக்கணும்மா என்றான்.

கூடத்தில் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்து முடித்ததும், “நாதன்ட்ட நான் சொல்லட்டா?” என்று கேட்டாள். வேண்டாம் என்று வாய்வரை வந்தது. நாதனுக்குத் தெரிந்தால் அவன் பெண்டாட்டிக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும், கல்லிடைக்குறிச்சிக்குத் தெரியும். தெரியட்டும் என்று இன்னும் மனசு சொல்லவில்லை. ஆனால் அம்மா தினமும் விளக்குக்கு முன்னால் நின்றது கண்ணில் நின்றது. நாதன் எதற்கு முன்னால் நிற்கிறானோ. “நானே சொல்லுதேன்” என்று போனை எடுத்தான். நம்பர் இருந்தது, கடைசியாகக் கூப்பிட்ட தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தியது, ஐப்பசி. நாதன் தூத்துக்குடியில் ஒரு உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். நாலைந்து மணி அடித்தது. எடுக்கவேண்டாம் என்று நினைத்தான். எடுத்துவிட்டான்.

“என்ன” என்றான் நாதன். முன்போல அண்ணே என்று கூப்பிடவில்லை. “அம்மாவுக்கு ஏதுமா?”

“அம்மா இங்க நல்லாருக்கா. எனக்கொரு ஆபரேஷன் ஆச்சு. அதில்ல விஷயம்.” எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, சுற்றி வளைத்தால் தப்பித்துவிடுவான், தன்னைத் தெரியும். “நாதா, அன்னைக்கு அப்பாவுக்கு நான் மாட்டேன்னு சொன்னேன்லா. வைராக்கியம் ஒண்ணுமில்லடா. எனக்கு நெஞ்சு அப்படி இருக்கும்லா, ஒனக்கே தெரியும். சட்டையைக் கழட்ட வெக்கமா இருந்துச்சு. அவ்வளவுதான். அவ்வளவுக்குத்தான் ஒன்ன முன்னால தள்ளிவிட்டுட்டேன்.”

அந்தப் பக்கம் மண்வெட்டிகள் உப்பை வாரும் சத்தம் கேட்டது, சரக் சரக்கென்று, யாரோ லாரியைப் பின்னால் வரச் சொல்லி ரைட் ரைட் என்றார்கள். ஏசிவிடு என்று நினைத்தான். சிரித்துவிடு. சிரித்தால்கூடப் பரவாயில்லை என்று முதல் தடவையாக நினைத்தான். அம்மா எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொள்ளி வச்சிட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சித்தப்பா சொன்னாரு” என்றான் நாதன் கடைசியில். குரல் சின்னப் பையன் குரல்போல இருந்தது. “நான் வைக்கதுக்கு முன்னாலயே திரும்பித் திரும்பிப் பாத்தேன்ணே. எனக்குக் கை நடுங்குது, நெருப்பு நிக்க மாட்டேங்கு. நீ என்ன கோவத்துல இருந்தாலும் பொறத்தால வந்து நிப்பேன்னு நெனச்சேன். வச்சிட்டும் பாத்தேன். அவரு அதட்டினாரு. அப்படியும் பாத்தேன். யாருமே இல்ல.”

செண்பகராமன் அன்றைக்குச் சுடுகாட்டுக்கு வெளியே பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தான், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, புகை எழும்புகிற பக்கம் பார்க்காமல். அதைச் சொல்ல வாயெடுத்தான். சொல்லி என்ன. பின்னால் போய் நிற்கச் சட்டையைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சட்டையோடே நின்றிருக்கலாம். அது அவனுக்கு இந்த நிமிஷம்வரை, இரண்டு வருஷமும், ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சட்டையோடே போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கலாம். மூச்சை இழுத்தான், பனியன் விட்ட அளவுக்குத்தான் வந்தது.

“லாரி வந்துட்டு. வைக்கேன்” என்றான் நாதன். ஆனால் வைக்கவில்லை. உப்பு வாரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இவனும் வைக்கவில்லை.

“என்னய்யா சொல்லுதான்?” என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “இருக்கான்மா” என்றான். “லைன்லதான் இருக்கான்.”